புகார் அக்காவின் தூசிக் குழாய்

கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் புகார் அக்கா. வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அவள் அதை உத்தியோக உயர்வு போல எடுத்துக்கொண்டாள்.

அலமாரிக் கதவுகள் செய்யும் கம்பெனி அது. அவள் ஓட்டியது சி.என்.சி. மிஷின். பூவேலையைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்து, பலகையை மேசையில் இறுக்கிவிட்டால் போதும், சுழலும் வெட்டுமுனை தானாக நகர்ந்து செதுக்கித் தந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். எழும்புகிற தூசியைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை என்றால் கேட்கவே வேண்டாம். முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லிசாக வரும். கண்ணுக்குத் தெரிவது தரையில் விழுந்துவிடும். தெரியாதது மூக்கு வழியாக உள்ளே போய்க் குடியேறிவிடும்.

சாயங்காலம் மணி அடித்ததும் காற்றுக் குழாயை எடுத்து எல்லா மிஷினையும் ஊதிவிட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். மிஷின் பளபளவென்று ஆகிவிடும். அதுவரை மிஷின் மேல் இருந்த தூசி மனிதர்கள் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பாதுகாப்பே முதல்' என்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதில் 'முதல்' என்பதைத் தூசி மூடிவிட்டது. மீதியைப் படிக்கவும் யாருக்கும் நேரமில்லை.

"தூசியை உறிஞ்சற குழாய் போடுங்க சார்," என்று அவள் கேட்காத மாதம் கிடையாது.

மேனேஜர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள். "அந்தச் செலவுல இன்னொரு மிஷினே வாங்கிடலாமேக்கா. குழாய் ஒரு கதவாவது வெட்டித் தருமா?"

"என் மூச்சும்தான் கதவு வெட்டித் தரலை. அதை நிறுத்திடட்டுமா?"

ஆளுக்கு ஒரு துணி முகமூடி கொடுத்தார்கள். கடைசியில் அவளுக்கு இருமல் பிடித்து, அது விடாமல் போனபோது, "உடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்று பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பூங்கொத்து மேலும் தூசி இருந்தது. அதையும் அவள் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டில் சும்மா உட்காரும் ஜாதி இல்லை அவள். தெரிந்தது ஒரே தொழில். கம்பெனியிலிருந்து வந்த பணத்தைக் கொண்டு வீட்டிலேயே பட்டறை போடுவது என்று முடிவு செய்தாள். வீட்டின் முன்பக்கம் புருஷனின் சலவைக்கடை. பக்கவாட்டில், என்றைக்கும் கார் நின்றறியாத ஒரு கார் ஷெட். ஷெட்டை ஒட்டி, யாரும் பயன்படுத்தாத ஒரு சின்னக் குளியலறை. பின்னால் சலவைத் துணி காயும் முற்றம். பழைய சி.என்.சி. மிஷின் ஒன்று பெரியது, பெயர்ப்பலகை செதுக்கப் புதிதாய் ஒன்று சிறியது, ரெண்டும் வந்து இறங்கின.

இறங்கிய அன்றே கொழுந்தன் வந்தார். கதவுக்கடை வைத்திருப்பவர். வாய் நிறைய அண்ணி, கை நிறைய ஆர்டர்.

"நாளைக்கே ஓட்டிடலாமா அண்ணி? பத்துக் கதவு அவசரமா வேணும்."

"குழாய் போடாம ஒரு குச்சியைக்கூட வெட்ட மாட்டேன்."

"குழாயை அப்புறமா மெதுவா போட்டுக்கலாம் அண்ணி. முதல்ல தொழிலைப் பாப்போம்."

"கம்பெனியிலயும் அப்புறமாத்தான் போடறதா இருந்தாங்க தம்பி. அந்த அப்புறம் இன்னும் வரலை."

அவள் தன் கையாலேயே போட்டாள். பெரிய மிஷினின் மேசையைச் சமமாக்கவே நாள்கள் பிடித்தன. ஒரு காலுக்குத் தகரத் துண்டு வைத்தால் எதிர்க்கால் தூக்கிக்கொள்ளும். அதைச் சரி செய்தால் மூன்றாவது முறைத்துக்கொள்ளும். மேசைக்கு மேலே, வெட்டுமுனை ஆழமாக இறங்கினால் வெட்டைத் தான் வாங்கிக்கொள்ளும் ஒரு தியாகப் பலகையைப் போட்டு, மிஷினையே அதன் முகத்தைச் சீவ வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து ஒருவழியாகத் திருப்தியானாள். அப்புறம் குழாய். முழங்கை மாதிரி ஒரே மடக்காக மடக்கினால் காற்றுக்கு மூச்சு வாங்கும் என்று, ரெண்டு சாய்வான வளைவுகளாகப் போட்டாள். எந்த மிஷின் ஓடுகிறதோ அதன் பக்கம் மட்டும் உறிஞ்சும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்புப் பலகை. வெட்டுமுனையைச் சுற்றி, வெட்டும் பலகை வரை தொங்கும் தூரிகைப் பாவாடை. பிளாஸ்டிக் குழாயில் தூசி உரசி உரசி மின்சாரம் சேர்ந்தால் மிஷின் பாதி வெட்டில் திகைத்து நின்றுவிடும் என்பதால் குழாய் நெடுகச் செம்புக் கம்பி ஓட்டி எர்த்தில் சேர்த்தாள். மெல்லிய காகித நாடாவை ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நாடா உள்ளே இழுபட்ட இடமெல்லாம் ஓட்டை. அடைத்தாள்.

தூசியெல்லாம் போய்ச் சேரும் இடம் அந்தக் குளியலறை. அங்கே ஒரு கூம்பு டப்பா. கனமான தூள் அதில் சுழன்று கீழே வாளியில் விழுந்துவிடும். மெல்லிய தூசி மட்டும், காற்றை உறிஞ்சி இழுக்கும் மோட்டார் விசிறியான ஊதுகுழலைத் தாண்டி, ஆள் உயரத்துக்குத் தொங்கும் கனத்த துணிப் பைக்குள் போகும். பை தூசியைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விடும். சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது, பக்கத்து வீட்டுச் சுவரில் ஊதவும் கூடாது என்பதற்காகக் குளியலறைக் கதவில் இடைவெளி விட்டுச் சாய்வுச் சட்டங்கள் அடித்து, அந்தக் காற்று திரும்பவும் பட்டறைக்கே வரும்படி வைத்தாள்.

"அந்த ரூமுக்கும் ஒரு ஃபேன் வச்சிருக்கலாமே," என்றான் கொழுந்தனோடு வந்த பெயின்டர்.

"உள்ள ஓடறதே ஃபேன்தான். நீ பாக்காம பேசாத."

முதல் கதவை வெட்டியபோது ஷட்டரை இறக்கிவிட்டு, பகல் வெளிச்சத்தை அடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். வெளிச்சக் கற்றையில் ரெண்டு மூன்று புள்ளிகள் மட்டும் சோம்பலாக மிதந்தன. கம்பெனியில் இதே டார்ச்சை அடித்திருந்தால் பனி கொட்டுவது மாதிரி இருந்திருக்கும். அவள் அங்கேயே நின்று நன்றாக இழுத்து மூச்சு விட்டாள். யாரையோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. இருமல் குறைந்தது. பூவேலைக் கதவுகள் வரிசையாகப் போயின. பை மட்டும் வாரத்துக்கு வாரம் பழுப்பேறி, கரடித்தோல் மாதிரி தடித்துப்போனது. அவள் அதை வெளியிலிருந்து ரெண்டு தட்டு தட்டிவிட்டு, அடிவாளியைக் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திவிடுவாள்.

அந்த வேலைதான் வீட்டில் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. ஆபீஸில் கணக்கு வேலை பார்க்கும் மகள் சொன்னாள், "நீங்க மத்த வேலை எதை வேணா செய்யுங்கம்மா. தூசி கொட்டற வேலையை மட்டும் விடுங்க. உடம்பு என்னத்துக்காகும்?"

புருஷன் உடனே முன்வந்தார். "இனிமே அது என் பொறுப்பு. நீ அந்த ரூம் பக்கமே போகாத." அவர் அதிகம் பேசாத மனிதர். இருபது வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு சட்டையைத் தேய்த்து முடித்துவிடுவார். அவர் வாயால் இவ்வளவு வந்ததே பெரிது. அவளும் சரி என்றாள். ஒரு வேலை குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்.

அதற்குப் பிறகுதான் இருமல் திரும்பி வந்தது.

முதலில் ஜலதோஷம் என்று நினைத்தாள். பிறகு ராத்திரி விழிப்பு, காலையில் நெஞ்சில் கல் வைத்த மாதிரி ஒரு கனம். கம்பெனியில் இருந்தபோது வந்த அதே இருமல், அதே சுருதி. அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. அங்கே குழாய் இல்லை, வந்தது. இங்கே குழாய் இருக்கிறது, ஏன் வருகிறது? மூட்டுகளை மறுபடி நாடா வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒழுகவில்லை. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே, குழாய்ச் சாமான் விற்ற ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள்.

"என்ன சாமான் குடுத்தீங்க? தூசி எல்லாம் என் நெஞ்சுலதான் போய்ச் சேருது."

"பை எங்கேயாவது கிழிஞ்சிருக்கா பாருங்க மேடம்."

"ஏங்க," என்று அவள் கடைப்பக்கம் பார்த்துக் கேட்டாள், "பை கிழிஞ்சிருக்கா?"

"ஒரு நூல் பிரியலை," என்றார் புருஷன், சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல். "புதுசு மாதிரி இருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா? பை நல்லாருக்காம். உங்க மோட்டார்தான் மோசம்." ஏஜென்ட் பாவம், மோட்டாருக்காக அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதே சமயத்தில் புருஷனுக்கும் ஒரு தலைவலி. வெளுத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்புகளில் பழுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. ஒரு ஆஸ்பத்திரியின் விரிப்புகள் திரும்பி வந்தன. அவர் சோப்புக்காரனைக் கூப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக நாலு வாக்கியம் பேசினார். சோப்புக்காரன் தண்ணீர் மேல் பழி போட்டான். தண்ணீர்க்காரன் துரு மேல் போட்டான். புருஷனும் பெண்சாதியும் ஒரே வீட்டில், முன்பக்கம் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர், ஆளுக்கொரு வெளியாளைத் திட்டிக்கொண்டு இருந்தார்கள்.

டாக்டர் ஒரு கருவியில் ஊதச் சொன்னார். ஊதினாள். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"மரத்தூசி உங்களுக்கு ஆகலைம்மா. இப்பவே வேலையை மாத்திக்கிட்டா நல்லது. இல்லேன்னா நுரையீரல் பழையபடி திரும்பாது."

"தூசி வெளிய வராத மாதிரி குழாய் போட்டிருக்கேன் டாக்டர்."

"வரலைன்னா இருமல் எப்படிம்மா வரும்?"

அந்தக் கேள்விதான் அவளைக் கொன்றது. டாக்டர் கேட்டது நியாயம் என்பது இன்னும் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். மகள், புருஷன், கொழுந்தன், ஒரு தட்டு பிஸ்கட். பேசியது எல்லாம் அவளுடைய நெஞ்சைப் பற்றி. அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

"பிடிவாதம் பிடிக்காதீங்கம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க," என்றாள் மகள்.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றார் கொழுந்தன். "மிஷின் ரெண்டும் என் கடைக்குப் போகட்டும். நியாயமா விலை போட்டுக்கலாம். அண்ணி வீட்ல உக்காந்து படம் மட்டும் வரைஞ்சு குடுக்கட்டும். அங்க ஓட்டறதுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கறேன். அண்ணிக்கும் ஓய்வு, தொழிலும் நிக்காது."

நல்ல யோசனை என்று எல்லோர் தலையும் ஆடியது. புருஷன் தலைகூட.

"குழாய்?" என்றாள் அவள்.

"அது எதுக்கு அண்ணி? நம்ம கடை பெருசு. கதவைத் தொறந்து விட்டா காத்தோட போயிடும்."

"யார் மூக்குக்குள்ள போகும்?"

கொழுந்தன் பிஸ்கட்டைக் கடித்தபடி நிறுத்தினார்.

"இல்ல தம்பி, கேக்கறேன். என் நெஞ்சைக் காப்பாத்தறதுக்காக மிஷினை எடுத்துட்டுப் போறீங்க. அதே மிஷின் முன்னாடி இன்னொருத்தரைக் கொண்டு போய் நிறுத்தறீங்க. அவருக்கு நெஞ்சு இல்லையா, இல்ல அவருக்கு அண்ணி இல்லையா?"

"அவர் சின்ன வயசுக்காரர் அண்ணி. தாங்கும்."

"எனக்கும் சின்ன வயசுல தாங்குச்சு."

ஆனால் கூட்டத்தில் அவளுக்குத்தான் தோல்வி. இருமிக்கொண்டே நியாயம் பேசினால் எந்த நியாயமும் எடுபடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவள் இரும, மகளின் முகம் ஒவ்வொரு தடவையும் 'பாத்தீங்களா' என்றது. வரும் வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று முடிவானது. "சரி" என்று அவள் சொல்லவில்லை. சொன்ன மாதிரி எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் மிஷின் ஓடவில்லை. பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கை சும்மா இருந்தால் அவளுக்குக் கண் சும்மா இருக்காது. சிறிய மிஷினின் கறுப்பு மூடி மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு தெளிவாக விழுந்தது. ஊதினாள். வெட்டிய தூளாக இருந்தால் விரலில் நெறுநெறுக்கும். இது நெறுநெறுக்கவில்லை. மாவு மாதிரி வழுக்கியது. இவ்வளவு மெல்லிசான தூசி மிஷின் பக்கத்திலிருந்து தப்பி வரவே முடியாது, பாவாடை பிடித்துவிடும். அப்படியானால் எங்கிருந்து?

எழுந்து ஷட்டரை இறக்கினாள். டார்ச்சை ஏற்றினாள். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை. மிஷினையே தொடவில்லை. ஊதுகுழலை மட்டும் போட்டாள்.

வெளிச்சக் கற்றை நிரம்பிவிட்டது. குளியலறைக் கதவின் சாய்வுச் சட்டங்கள் வழியாகப் பொன்னிறப் புகை மாதிரி தூசி அடுக்கடுக்காக வந்து, கூரையைத் தொட்டு, அவள் தலைக்கு நேரே இறங்கியது. ஒரு கட்டைகூட வெட்டாமல் இவ்வளவு. தான் பாடுபட்டுக் கட்டிய குழாய் மெனக்கெட்டுத் தூசியை உறிஞ்சிக்கொண்டு போய், சலித்து, கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது என்று புரிந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் இருமல்கூட நின்றுவிட்டது.

ஊதுகுழலை நிறுத்திவிட்டு, முகமூடியை இறுக்கிக்கொண்டு, போக வேண்டாம் என்று சொன்ன அந்த அறையைத் திறந்தாள். கிழிந்த பையைப் பார்க்கத்தான் தயாராக இருந்தாள்.

பை கிழியவில்லை. வெள்ளை வெளேரென்று மாப்பிள்ளை மாதிரி தொங்கியது. டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனாள். மேலிருந்து கீழ் வரை கத்தி மாதிரி ரெண்டு மடிப்புக் கோடுகள். கீழ் ஓரத்தில், அழியாத மையில், சலவைக்கடையில் எல்லாத் துணிக்கும் போடும் குறி. அவர்கள் வீட்டுக் குறி.

துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தார்.

அந்தப் பையை அப்படியே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் போனாள். ரெண்டு வாடிக்கையாளர்கள் சட்டைக்காகக் காத்திருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. பையை இஸ்திரி மேசை மேல் போட்டாள்.

"இது என்னங்க?"

அவர் பையைத் தடவிப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஏன், கறை ஏதாவது விட்டுருக்கா?"

"எத்தனை தடவை துவைச்சீங்க?"

"வாராவாரம்தான். அழுக்கா எப்படிம்மா தொங்க விடறது? கரடி மாதிரி இருந்துச்சு. முதல்ல முற்றத்துச் சுவர்ல நல்லா அடிச்சு உதறிடுவேன். அப்புறம் சுடுதண்ணில ஊற வச்சு..." அவர் நிறுத்தினார். பின்முற்றத்துச் சுவர், பக்கத்திலேயே காயும் வெள்ளை விரிப்புகள், பழுப்புப் புள்ளிகள். அது அவர் மூளைக்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. "சோப்புக்காரனை நான் வேற..." என்றார்.

"சோப்புக்காரனை அப்புறம் பாப்போம். இந்தத் துணிக்கு அந்த அழுக்குதாங்க கண்ணு. துணி மேல தூசி படிஞ்சு படிஞ்சு மெத்தை மாதிரி ஆனாத்தான், அந்த மெத்தை மெல்லிசுத் தூசியைப் புடிக்கும். வெறும் துணி புடிக்காது. நீங்க வாராவாரம் மெத்தையை உருவிட்டு வெறும் சல்லடையை மாட்டியிருக்கீங்க. சூட்டுல தேய்ச்சு நாரையும் கருக்கியிருக்கீங்க."

"அழுக்கா இருந்தாத்தான் நல்லதுங்கறியா?" அவர் குரல் தணிந்தது. முப்பது வருஷமாக அழுக்கோடு மல்லுக்கட்டியவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது.

"இதுக்கு, ஆமா."

"அப்ப நான்தான் உனக்கு இருமலைக் குடுத்தேங்கறே."

"ஆமா."

காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் சட்டையை நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

சாயங்காலம் மகள் வந்ததும் விஷயத்தைக் கேட்டு, கடைசியில் ஒன்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அப்பா பாசத்துலதானேம்மா செஞ்சாரு. அவரைப் போய் இப்படி..."

"பாசத்துல துவைச்சா தூசி நெஞ்சுக்குள்ள போகாதா? கம்பெனிக்காரன் அலட்சியத்துல குடுத்தான், இவர் பாசத்துல குடுத்தாரு. நெஞ்சுக்கு ரெண்டும் ஒரே தூசிதான். எனக்காகச் செய்யறதா இருந்தா என்னைக் கேட்டுச் செய்யணும். அந்த ரூமை நான் கட்டினேன். என்னையே உள்ள வராதேன்னீங்க. கேக்கறதுக்கு எனக்கு ஒரு வாய் இருக்குன்னு இந்த வீட்ல யாருக்கும் தோணலையே."

புருஷன் அன்று சாப்பிடவில்லை. அவளுக்கு இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் கோபம் முன்னால் நின்றுகொண்டு வழிவிடவில்லை.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, தப்பு அவர் மேல் இல்லை என்று சொன்னாள். அவர் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "ஆனா பை மேல துவைக்காதேன்னு ஒரு வார்த்தை அச்சடிச்சிருக்கலாமே," என்றும் சொன்னாள். "யார் மேடம் அதைத் துவைப்பாங்க?" என்றார் அவர். "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க," என்றாள். புதுப் பை அனுப்புவதாகச் சொன்னார்.

பழைய பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் மடிப்புக் கோட்டை விரலால் தடவினார். "இதுக்கு இஸ்திரி போட்டிருக்கா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டாக்டரும் நிறுத்திக்கொண்டு, முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா. காத்து சுத்தமானா வேலையை விடச் சொல்ல மாட்டேன். புதுப் பையில தூசி படிஞ்சு வர்ற வரைக்கும் நல்ல முகமூடியோட இருங்க. துணி முகமூடி இல்ல, நான் எழுதித் தர்ற வகை. மூணு மாசம் கழிச்சு ஊதிப் பாப்போம். அப்பவும் மோசமா இருந்தா நான் சொல்றதைக் கேக்கணும்."

"கேக்கறேன்," என்றாள். இது அவளுக்குப் பிடித்தது. தூசியைப் பார்த்துப் பேசுகிற முதல் ஆள் இவர்.

ஆனால் வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்பது அப்படியே இருந்தது. வீட்டில் யாரும் கொழுந்தனுக்குச் சொல்லவில்லை. புருஷன் ரெண்டு நாளாகப் பேசவே இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, அண்ணி மிஷினை விடாம சாக்குச் சொல்றாங்கம்பாரு. நீங்கதான் சொல்லணும். இருமல் தொழில்ல வரலை, துவைச்சதுல வந்ததுன்னு."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கடை வாசல்லயா?"

"எங்க வேணா."

"ஊரே சிரிக்கும்மா. சலவைக்காரன் துவைச்சுப் பெண்டாட்டிக்கு நோய் வர வச்சான்னு."

"நான் இருமினப்ப ஊரே பரிதாபப்பட்டுச்சு. எனக்கு அது மட்டும் பெருமையா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்து, தேய்த்த சட்டையையே தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து கடைக்கு முன்னால் நின்றது. கொழுந்தன் ரெண்டு சுமைக்காரர்களோடு இறங்கினார். கயிறு, மரச்சட்டம், உருளைகள், எல்லாம் தயார். அவள் ஷெட் வாசலில் நின்றாள். நகரவில்லை. பேசவும் இல்லை. சுமைக்காரர்கள் கொழுந்தனைப் பார்த்தார்கள், கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணா, அண்ணியைக் கொஞ்சம்..."

கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். புருஷன் கல்லாவைத் தாண்டி வெளியே வந்தார். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை பேசவேண்டி வந்தபோதும் இப்படித்தான் செருமினார்.

"வண்டியைத் திருப்பு," என்றார். "மிஷின் எங்கயும் போகாது."

"ஏன்ணா, டாக்டர்..."

"டாக்டர் இப்ப வேற சொல்லிட்டாரு. அவளுக்கு இருமல் வந்தது மரத்தால இல்ல. என்னால. அந்தத் தூசிப் பையை நான் துவைச்சேன். வாராவாரம். துவைக்கக் கூடாத துணி அது. எனக்குத் தெரியலை. கேக்கவும் இல்ல."

கொழுந்தன் கடகடவென்று சிரித்தார். சுமைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வரிசையில் நின்ற ஒருவர்கூட. "துவைச்சதுக்குப் போய்..." என்று ஆரம்பித்தார் கொழுந்தன்.

"சிரிக்காத," என்றார் அண்ணன். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "என் கடை விரிப்பெல்லாம் அந்தத் தூசியாலதான் கெட்டுச்சு. ஒரு பை உதறினதுக்கே இவ்வளவு. நீ குழாயே இல்லாம ஓட்டப் போறியே, உன் கடையில என்ன ஆகும்?"

கொழுந்தனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண்ணில் ஏதோ ஓடியது. "வார்னிஷ்ல ஒட்டுமேண்ணா," என்றார் மெதுவாக. "காயற கதவு மேல தூசி விழுந்தா சொரசொரன்னு ஆயிடுமே. ஐயையோ." தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நான் வேற மிஷின் வாங்கினாலும் குழாய் போட்டே ஆகணுமா?"

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு மனிதனின் மூச்சுக்கு வேண்டாத குழாய், வார்னிஷுக்கு ஒரு நொடியில் வேண்டியதாகிவிட்டது. கூட்டத்தில் அவள் இருமி இருமிக் கேட்டதை, கதவு ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு, இவரைத் திட்டித் தீர்த்தாலும் நாளைக்கு எவனோ ஒருவன் இவர் கடையில் மிஷின் முன்னால் நிற்கத்தான் போகிறான் என்பது ஞாபகம் வந்தது.

"ஆமா தம்பி, போட்டே ஆகணும்," என்றாள். "வார்னிஷுக்காகவே போடுங்க. எதுக்காகப் போட்டீங்கன்னு குழாய் கேக்காது. நானே வந்து போட்டுத் தர்றேன். ஆனா முதல் குழாய் மிஷின் ஓட்டறவர் நிக்கற பக்கம்தான் வரும். வார்னிஷ் ரூமுக்கு ரெண்டாவது. இதுக்குச் சம்மதம்னா மிஷின் வாங்குங்க. இல்லேன்னா உங்க கடைக்கு ஒரு கதவுகூட இனிமே வெட்டித் தர மாட்டேன்."

"என்ன அண்ணி, ஒரே புகாரா இருக்கே," என்றார் கொழுந்தன். ஆனாலும் தலையை ஆட்டினார்.

சுமைக்காரர்கள் உருளைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் அவளிடம் வந்து, அவள் கழுத்தில் தொங்கிய, டாக்டர் எழுதிக் கொடுத்த முகமூடியைக் காட்டி, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அவர்கள் சிமென்ட் மூட்டை ஏற்றுகிற இடத்தில் அதெல்லாம் தரமாட்டோம் என்கிறார்களாம்.

"யாரு தரமாட்டேங்கறது?" என்றாள் அவள். "அந்த ஆளோட நம்பரைக் குடுங்க."